சீ... கடல் ஏன் இவ்வளவு அழுக்கு?

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், மழை ஓய்ந்த மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தேன். அலை, டீ நிறத்தில் கலங்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குடும்பத்தோடு நின்றிருந்தவர் முகம் சுளித்தார். ‘‘சீ... எவ்வளவு அழுக்கு பாருங்க சார். இதுல எப்படிக் கால் நனைக்கிறது?’’ சொன்ன கையோடு, குடித்து முடித்த டீ கப்பை மணலில் போட்டுவிட்டு நடந்தார்.

அந்த நிறம் அழுக்கு அல்ல. மண். மழை பெய்தால் அடையாறு வண்டலை அள்ளிவந்து கடலில் கொட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடுவதால், முகத்துவாரத்துக் கலங்கல் பெசன்ட் நகர் பக்கம் வரும். வண்டல் படிந்ததும் கடல் தெளிந்துவிடும்.

கடல் இப்படி அடிக்கடி சட்டை மாற்றும். 2019 ஆகஸ்டில் சென்னையில் ராத்திரி அலைகள் நீலமாக மின்னின. பலரும் செல்போனோடு ஓடிப்போய்ப் பார்த்தோம். அடுத்த மாதமே மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. இரண்டுக்கும் காரணம் நாக்டிலுகா என்ற ஒரே நுண்ணுயிர். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீனுக்கு மூச்சு முட்டும். பிறகு அதுவும் போய்விடும்.

அதே 2019-ல், நவம்பர் கடைசியில் மழைக்குப் பின் மெரினாவில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கியது. அதுதான் நிஜமான அழுக்கு. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து பொங்கிய நுரை. என்ன செய்தோம்? அதில் குழந்தைகளை விளையாடவிட்டு போட்டோ எடுத்தோம்!

மண்ணைப் பார்த்தால் அருவருப்பு. சாக்கடையைப் பார்த்தால் குதூகலம். எது அழுக்கு என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

இயற்கை பூசிய சாயம் தானாக வெளுத்துவிடும். நாம் போட்ட பிளாஸ்டிக் வெளுக்காது. தூள் தூளாகி மீன் வயிற்றுக்குள் போகும். அந்த மீன் நம் குழம்புக்கு வரும்.

பிளாஸ்டிக் பூசிய டீ கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் கடற்கரை மணலில் அது கிடக்கிறது. சுண்டல் விற்கும் பாட்டியின் பையைப் பிடுங்கினால் தடை நிறைவேறிவிடாது. கப் தயாராகும் இடத்தில் பூட்டுப் போட வேண்டும். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதை நிறுத்த வேண்டும். இது அரசின் வேலை.

நம் வேலை? ‘‘குப்பைத்தொட்டி எங்க சார் இருக்கு?’’ என்று கேட்பீர்கள். டீயோடு சுமந்து வந்த கப், காலியானதும் கனக்கிறதா என்ன?

அன்று அந்தக் கப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். ‘‘சார், உங்க பொருளை விட்டுட்டுப் போறீங்க.’’

‘‘அது வெறும் கப்புதானே சார்?’’

‘‘கடல்ல நீங்க பார்த்ததும் வெறும் மண்ணுதான் சார்.’’

வாங்கிக்கொண்டார். முறைத்துக்கொண்டேதான். பரவாயில்லை.