வீட்டில் கல் தீட்டலாம்... தண்ணீரோடு!

தபால்தலை சேர்ப்பது, நாணயம் சேர்ப்பது போல கல் தீட்டுவதும் ஒரு பொழுதுபோக்குதான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கல்லைத் தேய்க்கிறார்கள். நம்மூரில் மட்டும் 'அது தொழில்காரர்கள் பார்க்கிற வேலை' என்று விட்டுவிட்டோம். இப்போது யூடியூப் புண்ணியத்தில் சில இளைஞர்கள் வீட்டிலேயே முயன்று பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் அந்த வீடியோக்களில் பலவற்றில் ஒரு காட்சி வருகிறது. கையில் கட்டிங் மெஷின், சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி தூசி, மூக்கில் ஒரு கைக்குட்டை. அது புகை அல்ல. வாழ்நாள் முழுக்க நுரையீரலை விட்டுப் போகாத கல்தூள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: வீட்டில் கல் தீட்டுங்கள், ஆனால் ஒரு கல்லைக்கூட உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

கபோஷான் என்றால் என்ன?

கல்லை அழகாக்க இரண்டு வழி. ஒன்று, வைரம் மாதிரி பட்டை பட்டையாக வெட்டுவது. இன்னொன்று, பட்டையே இல்லாமல் அடியைத் தட்டையாகவும் மேலே குவிந்தும் வழவழவென்று தேய்ப்பது. இந்த இரண்டாவதுதான் கபோஷான். பரதநாட்டியம் ஆடுபவர்களின் நெற்றிச்சுட்டியில் சிவப்பாக மின்னும் கெம்புக் கல்லைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் வடிவம் தெரியும்.

பட்டை வெட்டக் கருவியும் கணக்கும் வேண்டும். கபோஷானுக்குக் கண்ணும் பொறுமையும் போதும். சில கற்களுக்கு இதைவிட நல்ல வெட்டும் கிடையாது. காங்கேயம் பக்கத்து நிலாக்கல்லில் (சந்திரகாந்தக் கல்) மிதக்கும் நீல வெளிச்சமும், வைடூரியத்தில் ஓடும் பூனைக்கண் கோடும் குவிந்த மேற்பரப்பில்தான் தெரியும்.

இந்தக் கலை தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் எனப் பலவகைக் கற்களில் மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டுமல்ல, பாதி செய்து விட்டவையும் மூலக்கற்களும் கிடைத்ததால் அங்கேயே பட்டறை இருந்தது உறுதியானது. வைரத்துக்கு அடுத்த கடினமான 'கொரண்டம்' என்ற கனிமத்தின் ஆங்கிலப் பெயரே தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். அந்தக் குருந்தத் தூளை அரக்கோடு குழைத்து, சக்கரமாக்கி, வில்லால் சுழற்றிச் சாணை பிடித்தார்கள் நம்மூர்க் கைவினைஞர்கள்.

திருப்புட்குழியில் கல்லுக்குப் பஞ்சமா?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி வருகிற ஊர் திருப்புட்குழி. தெற்கே பாலாறு. அந்தப் பக்கம் உத்திரமேரூர் வட்டாரம் முழுக்கக் கல்குவாரியும் கிரஷரும். இந்த ஊரில் ஒரு மாணவருக்குக் கல் தீட்டும் ஆசை வந்தால் ஜெய்ப்பூரிலிருந்து கல் வரவழைக்க வேண்டியதில்லை. வீடு கட்டக் கொட்டியிருக்கும் சரளைக் குவியலைக் கிளறினாலே வெங்கச்சங்கல் கிடைக்கும். ஒன்றோடொன்று தட்டினால் இருட்டில் பொறி பறக்குமே, அதே கல்தான். படிகத்தின் சாதாரண வடிவம் அது. மோஸ் அளவையில் கடினம் 7. நன்றாகத் தேய்த்தால் பால் நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னும்.

பிரச்சினையும் அங்கேதான். படிகம் என்பது முழுக்க சிலிக்கா.

தூசியின் கணக்கு

கல்லைத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்கு அளவுள்ள துகள்கள். அவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு போய் நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. அந்த இடமெல்லாம் தழும்பாகிக் கெட்டியாகும். இதுதான் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்துவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி வேலையிடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கலாம் என்று அனுமதித்த சராசரி அளவு 50 மைக்ரோகிராம். ஒரு உப்புக்கல்லைவிடக் குறைவு!

வீட்டில் கல் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் கம்பாத் நகரமே சாட்சி. அங்கே நூற்றாண்டுகளாக அகேட் கல்லில் மணியும் மோதிரக்கல்லும் செய்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுத் தொழில். வாசலில் மோட்டார், அதில் சாணைச் சக்கரம், உலர்ந்த கல். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறது. தேய்ப்பவர்களோடு நிற்கவில்லை நோய். ஒரு நாளும் சக்கரத்தைத் தொடாத வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள். தொழிற்சாலைக் கணக்கில் வராததால் காப்பீடும் நிவாரணமும் அவர்களுக்கு எட்டாக்கனி.

தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் கதையும் பெரிதாக மாறிவிடவில்லை. கோத்ரா பகுதியின் படிகக்கல் அரவை ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து போன பழங்குடித் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் வந்து செத்தார்கள். அப்படி இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் 2016-ல் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. அவர்கள் அரைத்தது வேறு எதையும் அல்ல, அதே வெங்கச்சங்கல் வகையைத்தான்.

"வாரத்துக்கு ஒரு கல்தானே?"

நியாயமான கேள்வி. தினம் எட்டு மணி நேரம் சக்கரத்தின் முன் உட்காருபவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தேய்ப்பவரும் ஒன்றல்ல. எவ்வளவு தூசி, எத்தனை காலம் என்பதைப் பொறுத்துத்தான் நோய். அதை மறைத்து பயமுறுத்தத் தேவையில்லை.

ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு தூசி பறக்கிறது என்று அளக்க யாரிடமும் கருவி கிடையாது. நம்மூர் வீடுகளில் பட்டறைக்கென்று தனி அறையும் கிடையாது. கல் தேய்த்த அதே அறையில்தான் ராத்திரி பாய் விரிக்கிறார்கள். தேய்ப்பவர் முகமூடி போட்டிருக்கலாம். பக்கத்தில் தவழும் குழந்தை? மறுநாள் பெருக்கும் அம்மா? துடைப்பம் பட்டதும் படிந்த தூசி மறுபடி காற்றில் எழும்பும். ஒருவருடைய பொழுதுபோக்குக்கு வீடே விலை கொடுப்பது என்ன நியாயம்?

கம்பாத் தொழிலாளி வயிற்றுப்பாட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார். இத்தனை கல் தேய்த்தால் இவ்வளவு கூலி என்ற கணக்கு அவரை விரட்டுகிறது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. நாளைக்கு முடித்தாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் முடித்தாலும் ஒன்றுதான். அவசரமே இல்லாதவர் அவசரத்துக்கான குறுக்குவழியை எடுக்கக் கூடாது.

சரியான முறை

முதல் கல்லுக்கு மெஷினே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர் போதும்.

1. பழக்கத்துக்கு முதலில் மார்பிள் துண்டு ஒன்று எடுக்கலாம். கடினம் 3 தான், சீக்கிரம் தேயும். கை பழகியபின் வெங்கச்சங்கல்லுக்குப் போகலாம். அதைக் கையால் தேய்க்கப் பல நாள் ஆகும், பரவாயில்லை.

2. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் தாளை வைத்து, தண்ணீர் விட்டு, அடிப்பக்கத்தைத் தட்டையாக்க வேண்டும். அதன்மேல் முட்டை வடிவம் வரைந்துகொள்ளலாம்.

3. அரக்கை உருக்கி ஒரு குச்சி நுனியில் கல்லை ஒட்டினால் பிடிக்க வசதி. வேலை முடிந்ததும் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கல் தானே கழன்றுவிடும்.

4. ஓரத்திலிருந்து உச்சியை நோக்கி, குச்சியைச் சுழற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். 120, 220, 400, 600, 1000, 2000 என்று வரிசையாகப் போக வேண்டும்.

5. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கல்லைக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் கீறல் தெரியாது. தவறவிட்ட ஒரு கீறல் கடைசியில் மெருகு போடும்போது பல்லைக் காட்டும்.

6. கடைசியாக ஈரத் தோலில் செரியம் ஆக்சைடு தடவித் தேய்த்தால் மெருகு ஏறும்.

இதில் எங்கும் தூசி பறக்காது. தூளெல்லாம் தண்ணீரில் சேறாக நிற்கும். அந்தச் சேற்றைக் காயவிட்டால் மறுபடி தூசி என்பதால் ஈரத்திலேயே துணியால் வழித்து, பையில் கட்டிப் போட வேண்டும். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். உடுத்திய துணியை உதறாமல் தனியாக நனைத்துத் துவைப்பது நல்லது.

மெஷின் வாங்கும் நாள் வந்தால் சக்கரத்தின் மேல் சதா தண்ணீர் சொட்டும்படி அமைப்பு வேண்டும். வேகமான சக்கரம் தண்ணீரையும் தூளையும் சேர்த்தே தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் என்95 முகமூடியும் அப்போது கட்டாயம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்தத் தூளைத் தடுக்காது. தாவணி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த முடி எதுவும் சுழலும் சக்கரத்தின் அருகில் கூடாது. கையுறையும் வேண்டாம், அதையும் சக்கரம் இழுத்துவிடும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால் எர்த் சரியாக உள்ள பிளக்கும் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது. கையில் பிடிக்கிற சாதாரண டிரில்லிலும் கட்டிங் மெஷினிலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

எல்லாக் கல்லையும் தொடவும் கூடாது. பச்சை மாலகைட்டில் தாமிரம், சிவப்பு சின்னபாரில் பாதரசம், பளபளக்கும் கலீனாவில் ஈயம். இன்னொரு வலையும் உண்டு. சமையல் மேடைக்குப் போடும் செயற்கை 'குவார்ட்ஸ்' பலகையின் துண்டுகள் கடைகளில் சும்மாவே கிடைக்கும். அவற்றில் பலவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது.

கலைக்கு மரியாதை

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோவிலில் நிஜக் குதிரை போல உறுப்புகள் அசையும் குதிரை வாகனம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர் இன்னொன்று யாருக்கும் செய்து தருவதில்லை என்ற தன் சொல்லுக்காக உயிரையே விட்டார் என்றும், அவரைப் போற்றி உற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாள் அவர் பெயர் கொண்ட வீதிக்கு எழுந்தருளுகிறார் என்றும் சொல்வார்கள். கைவினைஞனுக்கு இப்படி மரியாதை செய்கிற ஊர்கள் குறைவு.

அந்த மரியாதை கம்பாத்தில் தூசி தின்று சாகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடையில் ஐம்பது ரூபாய்க்கு அகேட் மோதிரக்கல் வாங்கும்போது அதைத் தேய்த்த ஆளின் மூச்சு யாருக்கும் நினைவில் வருவதில்லை. தண்ணீர் விட்டு, நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒரே ஒரு வெங்கச்சங்கல்லைத் தேய்த்து முடித்தவருக்கு அந்த ஐம்பது ரூபாய் எவ்வளவு குறைவு என்று புரியும். பள்ளி அறிவியல் மன்றங்களும் கல்லூரி விடுதிகளும் இந்தப் பொழுதுபோக்கைத் தாராளமாகத் தொடங்கலாம். ஒரு வாளித் தண்ணீர், ஆறு தாள், ஒரு கல். செலவு அவ்வளவுதான். தண்ணீர் வாளி இல்லாமல் தொடங்குவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.