புராஸ்டேட் கேன்சர்: பெயர் ஒன்று... நோய் ஒன்றல்ல!

"பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே கேன்சர்தான். ஹார்மோன் ஊசியிலேயே நல்லா இருக்கார். அப்பாவுக்கு மட்டும் ஏன் இத்தனை டெஸ்ட், வேற மருந்து?"

வீட்டில் ஒருவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்ததும், இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்புதான். ஆனால், இருவரின் ரிப்போர்ட்டிலும் ஒரே பெயர் இருந்தாலும், கட்டிக்குள் நடப்பது வேறு வேறாக இருக்கலாம்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அங்கே உருவாகும் கட்டியின் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது எவ்வளவு வீரியமானது என்று மதிப்பிடுவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும் 'க்ளீசன் ஸ்கோர்' அதைத்தான் சொல்கிறது. செல்லின் தோற்றத்தைச் சொல்லும் இந்த ஸ்கோர், அதை வளரவைக்கும் மரபணு எது என்பதைச் சொல்லாது.

இடம் மாறிய சுவிட்ச்

அந்த ரகசியத்தின் முதல் பெரிய முடிச்சு 2005-ல் அவிழ்ந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் அருள் சின்னையன் தலைமையிலான குழு, பல புராஸ்டேட் கட்டிகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. ஒன்று டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2. கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொண்ட புரதத்தை உருவாக்கும் அதே மரபணு! ஆண் ஹார்மோன் பட்டால் 'ஆன்' ஆகும் சுவிட்ச் இதில் இருக்கிறது. அந்த சுவிட்ச், இ.ஆர்.ஜி என்ற மற்றொரு மரபணுவோடு இணைந்துவிட்டால், புராஸ்டேட்டில் அடங்கியிருக்க வேண்டிய இ.ஆர்.ஜி ஓயாமல் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

2015-ல் வெளியான மற்றொரு ஆய்வில், 333 கட்டிகளின் மரபணுக்கள் அலசப்பட்டன. ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இந்த இ.ஆர்.ஜி இணைப்பு இருந்தது. மொத்தத்தில் 74 சதவிகிதக் கட்டிகள் ஏழு வகைகளுக்குள் அடங்கின. மீதி எந்த வகையிலும் சேரவில்லை.

சிகிச்சையை மாற்றும் வித்தியாசம்

இந்த ஏழு வகைகளில் எது என்பதை மட்டும் வைத்து இன்று பெரும்பாலும் சிகிச்சை முடிவாவதில்லை. ஆனால், பி.ஆர்.சி.ஏ-2 போன்ற மரபணுக்களில் கோளாறு இருந்தால் நிலைமை வேறு. சேதமான டி.என்.ஏ-வைப் பழுதுபார்ப்பதுதான் இவற்றின் வேலை. இவை பழுதானால், புற்றுநோய் வீரியமாக வளரும் வாய்ப்பு அதிகம்.

அதே பலவீனம்தான் மருந்துக்கு வழிவிடுகிறது. ஒரு பழுதுபார்க்கும் வழி அடைபட்ட புற்றுநோய் செல், இன்னொரு வழியை நம்பிப் பிழைக்கும். ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் அந்த வழியையும் அடைத்துவிட, செல் அழிந்துபோகும். இந்த வகைக் கோளாறு உள்ள, முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்த மருந்தை 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது.

அரிதாகச் சில கட்டிகள், ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு 'நியூரோஎண்டோகிரைன்' வகையாக மாறிவிடும். இவற்றுக்கு ஆண் ஹார்மோன் தேவையில்லை. பி.எஸ்.ஏ அளவு குறைவாக இருக்கும்போதே நோய் பரவலாம். அதனால் சிகிச்சையில் இருப்பவர்கள், 'பி.எஸ்.ஏ நார்மல்தானே' என்று புதிய எலும்பு வலியையோ, எடை குறைவதையோ அலட்சியப்படுத்தக் கூடாது.

மகளுக்கும் தெரிய வேண்டும்

புராஸ்டேட் புற்றுநோய் உடலில் பரவிய 692 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அவர்களில் சுமார் 12 சதவிகிதம் பேருக்கு டி.என்.ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களில் ஏதோ ஒன்றில் பிறவியிலேயே கோளாறு இருந்தது. பிறவிக் கோளாறு என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட 50 சதவிகித வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற பேதம் இதில் இல்லை. பி.ஆர்.சி.ஏ-2 கோளாறைப் பெறும் மகளுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அப்பாவின் ரிப்போர்ட்டை மகளிடம் மறைத்தால், முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* நோய் பரவியிருக்கிறதா, வீரியமானதா? அப்படியென்றால் மரபணுப் பரிசோதனை தேவையா?

* ரத்தத்தில் செய்வதா, கட்டியின் திசுவில் செய்வதா? பிறவிக் கோளாறை ரத்தம் காட்டும். கட்டியில் மட்டும் உண்டான மாற்றங்களைத் திசு காட்டும்.

* அம்மா வழியிலோ, அப்பா வழியிலோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. மெதுவாக வளரும் சிறிய கட்டியைச் சிகிச்சையே இல்லாமல் கண்காணித்துவருவதும் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்பதை டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு மருந்துச் சீட்டில் அதற்கு பதில் இருக்காது.