மதில் எழும்பின பிறகு வரும் ஓவியர்

ஓவியரை நாம் கூப்பிடுவது எப்போதும் கடைசி நாளில்தான். கட்டடம் முடிந்து, பெயின்ற் காய்ந்து, திறப்புவிழாவுக்குத் திகதியும் குறித்தாகிவிடும். அப்போதுதான் யாருக்காவது முன்மதில் வெறுமையாக இருப்பது கண்ணில் படும். கிடைத்த இடத்தில், கிடைத்த காசில் ஒரு பனை, ஒரு மாட்டுவண்டி, குடத்தோடு ஒரு பெண். இரண்டு மாரி போவதற்குள் பாசி பிடித்து நிறம் உரிந்துவிடும். 2019 இன் இறுதியில், சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுவதும் இளைஞர்கள் தூரிகையோடு வீதியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து மதில்களும் அப்போது நிறம் பெற்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவர்கள் கையில் கிடைத்தது மதிலின் மேற்பூச்சு மட்டுமே. அந்த மதில் எங்கே எழும்பவேண்டும், எழும்பத்தான் வேண்டுமா என்ற பேச்சில் அவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நமது நீர்வேலியில் பருத்தித்துறை வீதியோரத்துப் பஸ் தரிப்பிடங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தக் குடாநாட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பன் ஞாபகார்த்தமாகக் கட்டிக்கொடுத்த தரிப்பிடங்கள் பல. அந்த மனம் பெரியது. ஆனால் அவற்றில் மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்ட பகுதி பெரும்பாலும் பெயர்க்கல்தான். இருக்கை ஒடுங்கிய சீமெந்துத் திட்டு, மேலே வழுக்கும் மாபிள். பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பின்சுவரில் மரண அறிவித்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். வாழைக்குலையோடு வரும் தோட்டக்காரர் குலையை இறக்கிவைக்க மேடை இல்லாமல் பக்கத்து வேம்பின் கீழ் நிற்பார். வாழைக்குப் பேர்போன நீர்வேலியில் இது நடக்கலாமா?

செத்தவர் நினைவாகத் தெருவில் ஒன்றை நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் பேரில் சுமைதாங்கி நட்டவர்கள் நாம். வழிப்போக்கர் யாருடைய உதவியுமின்றித் தலைச்சுமையை இறக்கி ஏற்றக்கூடிய உயரம் அதற்கு. இறக்கி வைக்க முடியாமற் போன ஒருத்தியின் சுமையை நினைத்து ஊருக்கே சுமை இறக்க ஓர் இடம். நினைவும் வடிவமும் பயனும் அந்தக் கல்லில் பிரிக்கமுடியாமல் இருக்கின்றன. இதே வீதி போய்முடியும் பருத்தித்துறையில் தெருமூடிமடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கல்தூணும் திண்ணையும். நடுவால் தெரு போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. அழகு எது, தேவை எது என்று அங்கே கோடு கிழிக்க யாராலும் முடியாது.

கோயிலில் மட்டும் இந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கோபுரத்தின் எந்தத் தளத்தில் எந்த மூர்த்தி என்பது முதற்கல் வைக்குமுன்னரே ஸ்தபதியின் மனதில் இருக்கும். கட்டுபவரும் சிற்பம் செய்பவரும் ஒரே கொட்டிலில் ஒரே கணக்கை வைத்து வேலை செய்கிறார்கள். கோயில் வாசலைத் தாண்டியதும் அந்த முறை அறுந்துபோகிறது. நமது பிள்ளை ஒன்று ஓவியம் படிக்க மருதனார்மடம் போகிறது. இன்னொன்று கட்டடக்கலை படிக்க மொறட்டுவைக்குப் போகிறது. படித்து முடித்துவிட்டு இருவரும் ஒரே மேசையில் இருக்க ஒரு சந்தர்ப்பமும் வருவதில்லை. சந்தைக் கட்டடத்துக்கும் வாசிகசாலைக்கும் வரைபடம் ஓர் அலுவலகத்தில் தயாராகி ஒப்பந்தகாரரிடம் போய்விடுகிறது.

தெற்கில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வேறு வழி காட்டினார். ஓவியர் லக்கி சேனநாயக்க அவருடைய அலுவலகத்தில் வரைபடம் கீறியவர். அலங்காரத்துக்காகக் கடைசியில் அழைக்கப்பட்ட விருந்தாளியல்லர். காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டில் போர்த்துக்கேயருடன் நடந்த யுத்தமே கைப்பிடிச்சுவராக மேலேறிப் போகிறது. 1982 இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் அவையில் தொங்கும் வெள்ளி விளக்கும் லக்கியுடையது. பெந்தோட்டையில் பாவாவின் ஹோட்டலுக்கு ஈனா டி சில்வா பத்திக் துணியால் கூரையின் உட்புறத்தையே நிறைத்தார். எல்லாம் அருமையான வேலைகள். ஆனால் காசு கொடுத்துத் தங்குபவரும் காவலைத் தாண்டிப் போகக்கூடியவரும் பார்க்கும் வேலைகள். பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அவற்றில் பங்கில்லை.

நமக்கு நெருக்கமான பாடம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011 இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுகிறார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே என்று கை நடுங்கிய கோடுகள். அதுவே கட்டடக்கலை வரைபடமாக அளவோடு திருப்பிக் கீறப்படுகிறது. பிறகு ஓவியர் தன் சித்திரத்தைத் தருகிறார். முதற்கோடு அங்கே வாழ்ந்தவருடையது. புத்தகம் பேசுவது வீடுகளைப் பற்றி. ஆனால் பொது இடத்துக்கு இதைவிட நல்ல வேலை ஒழுங்கை நாம் கண்டதில்லை. சந்தையைத் திருத்தப் போகிறீர்களா, முதலில் குலை விற்பவரிடம் கீறச் சொல்லிக் கேளுங்கள்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பிரான்ஸ் 1951 இலேயே பள்ளிக்கூடக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றைக் கலைக்கு ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிடம் நாம் கேட்பது அந்தளவுகூட இல்லை. பொது வேலை ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் கலைஞருக்கென ஒரு வரி, வரைபடம் ஒப்பமாகும் முன்னர் அவரோடும் ஊராரோடும் ஒரு கூட்டம். ஞாபகார்த்தமாகக் கட்ட நினைக்கும் குடும்பங்களும் ஒப்பந்தகாரரைப் பிடிக்கும்போதே ஒரு சிற்பியையோ ஓவியரையோ சேர்த்துக்கொள்ளட்டும். பெயர்க்கல்லும் இருக்கட்டும்; அதையும் அவர்களே சேர்ந்து வடிவமைப்பார்கள்.

வாசகர்களிடமும் ஒரு வேலை கேட்கிறோம். ஊரில் நீங்கள் வழக்கமாகக் காத்து நிற்கும் ஓரிடத்தைக் கீறி அனுப்புங்கள். அத்தியார் இந்துக் கல்லூரி வாசலோ அரசகேசரிப் பிள்ளையார் கோயிலடியோ எதுவாயும் இருக்கலாம். வெயில் எந்தப் பக்கத்தால் வரும், மாரித்தண்ணி எங்கே தேங்கும், கிழவர்கள் எதில் இருப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள் என்று குறித்து அனுப்புங்கள். அளவு பிழைத்தால் பரவாயில்லை. வருவனவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம். பிரதிகளைச் சபைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.