நாற்பதில் கருவுற்றால் நாணம் எதற்கு?

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் தாய் கருவுற்றால், நம் இல்லங்களில் முதலில் எழுவது அல்ஹம்துலில்லாஹ் அல்ல, "ஊர் என்ன சொல்லும்?" என்னும் முணுமுணுப்பே. புர்கா மறைப்பதால் ஐந்தாம் மாதம் வரை ஊருக்குத் தெரிவதில்லை. மருத்துவருக்கும் தெரிவதில்லை என்பதே துயரம்.

இந்த வெட்கத்தை மார்க்கம் தந்ததாக நாம் எங்கும் படிக்கவில்லை. முதுமையில் நற்செய்தி கேட்டு வியந்த ஸாரா (அலை) அவர்களிடம், அது அல்லாஹ்வின் அருள் என்றே வானவர்கள் கூறியதை ஹூத் அத்தியாயம் சொல்கிறது. அக்குழந்தையே இஸ்ஹாக் (அலை).

மறைத்துக் கழிக்கும் மாதங்கள் திரும்பி வருமா? சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது முதல் சில வாரங்களில்; ஃபோலிக் அமில மாத்திரை பயன்படுவதும் அப்போதுதான். 11 முதல் 13 வாரங்களில் எடுக்க வேண்டிய ஸ்கேனை ஐந்தாம் மாதத்தில் எடுக்க இயலாது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் கர்ப்பகாலச் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதல். தவக்குல் பேசிப் பரிசோதனையைத் தவிர்ப்போர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் ஒப்படைக்கச் சொன்ன நபிமொழியில் பாதியைத்தான் ஓதியிருக்கிறார்கள்.

கணவன்மார்களே, பிள்ளை உங்களுடையதும்தானே? கேலி முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில் ஏன் விழ வேண்டும்? இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். வாசலில் வண்டியோடு நிற்காமல், உள்ளே சென்று அவள் அருகில் அமருங்கள்.