குகைக்குள் இருவர் இருந்தார்கள்

கொடைக்கானல் தூண்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குகையை, 1821இல் பழனி மலையை அளக்க வந்த வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டு சொன்னார். வெள்ளைக்காரர்கள் அதற்குப் பிசாசின் சமையலறை என்று பெயர் வைத்தார்கள். 1991 தீபாவளிக்குக் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பிறகு அந்தப் பெயர் மறைந்து, அது குணா குகை ஆகிவிட்டது. சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் முதல் வழியில் மக்காச்சோளம் சுட்டு விற்கிற அக்கா வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. படத்தில் அந்தக் குகைக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கடத்திக்கொண்டு வந்தவன். இன்னொருத்தி கடத்தப்பட்டவள், பெயர் ரோகிணி. அவன் பெயர் பாறைக்கே வந்துவிட்டது. அவள் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

‘குணா’ தமிழில் வந்த பெரிய படங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தானபாரதி இயக்கம், சாப் ஜான் கதை, பாலகுமாரன் வசனம், வேணு ஒளிப்பதிவு, இளையராஜா இசை. ‘தளபதி’ வெளியான அதே நாளில் வந்து அன்று தோற்றது. அதற்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘மதிகெட்டான் சோலை’. பேரிஜம் போகிற வழியில் இருக்கும் எங்கள் மலையின் காடு அது. உள்ளே நுழைந்தவனுக்குத் திசையும் புத்தியும் தப்பிவிடும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். படத்தின் நாயகனும் அப்படித்தான் ஒரு காட்டுக்குள் மாட்டிக்கொண்டவன். விலைமாதர் வீட்டில் வளர்ந்தவன். தன் முகத்தையே வெறுப்பவன். மனநல விடுதியில் யாரோ சொன்ன கதையை நம்பி, பௌர்ணமியில் அபிராமி வந்து தன்னை மணந்துகொள்வாள் என்று காத்திருப்பவன். திருக்கடையூரில் அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லி, சரபோஜி மன்னர் முன் நிலவையே வரவழைத்த அபிராமி பட்டரின் நிழல் அவன்மேல் விழுந்திருக்கிறது. பட்டருக்கு அம்பாள் இரங்கினாள். குணாவுக்கு ஒரு மனுஷி அகப்பட்டாள்.

பிரெஞ்சு மொழியில் ஒரு பழைய கதை உண்டு. ‘அழகியும் மிருகமும்’. 1740இல் வில்நவ் சீமாட்டி நீளமாக எழுதினார். 1756இல் போமோன் என்ற ஆசிரியை அதைக் குழந்தைகளுக்காகச் சுருக்கினார். உலகமே படித்தது அந்தச் சுருக்கத்தைத்தான். அப்பாவைக் காப்பாற்ற ஒரு பெண் காட்டு மாளிகைக்குப் போகிறாள். அங்கே அவலட்சணமான ஒரு மிருகம். தினமும் இராச் சாப்பாட்டு வேளையில் அது அவளிடம் வந்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கும். அவள் மாட்டேன் என்பாள். மிருகம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். மறுநாளும் கேட்கும், மறுநாளும் அதே பதில். பிறகு அவள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். போனால் திரும்ப வராமலும் போகலாம் என்று தெரிந்தே மிருகம் அவளை அனுப்பிவைக்கிறது. அவள் போய், தாமதித்து, தானாகவே திரும்பி வருகிறாள். அந்தத் திரும்பி வருதலில்தான் கதை காதல் கதையாகிறது. கதவு திறந்திருந்தது, அவள் போனாள், அவளாக வந்தாள்.

‘குணா’வில் அந்தக் கதவு திறக்கவே இல்லை. ரோகிணி பயப்படுகிறாள், எதிர்க்கிறாள், தப்பப் பார்க்கிறாள். மெல்ல மெல்ல அவனுடைய வெகுளித்தனத்தைப் புரிந்துகொள்கிறாள். அவன் வைத்த அபிராமி என்ற பெயரையும் அவனையும் ஏற்றுக்கொள்கிறாள். முடிவில் அவள் சாகிறாள், அவன் மலையிலிருந்து குதிக்கிறான். இது நியாயம் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. குணாவுக்கு நோய் இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. ஒரு பைத்தியக்காரனின் பக்தி என்றுதான் அதை நம் முன்னால் வைக்கிறது. படத்திலிருந்து ஒரு காதல் கடிதப் பாட்டை மட்டும் பிய்த்து எடுத்து, காதலுக்கு இலக்கணம் ஆக்கியவர்கள் நாம்தான்.

அந்தப் பாட்டை இன்னொரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். அவன் கடிதத்துக்காகச் சொல்லிக்கொண்டே போகிறான், பேச்சுப்பேச்சாக, கோவையில்லாமல். அதை வாங்கிக் கடிதமாகவும் பாட்டாகவும் ஆக்குகிறவள் அவள்தான். கமலின் பேச்சுக்குரலை எஸ். ஜானகியின் குரல் மெட்டில் ஏற்றி உட்காரவைக்கிறது. வாலி வரிகளை எழுதிய விதமே அப்படி. அதாவது அந்தப் பாட்டில் கவிஞர் ரோகிணிதான். பிடித்துவைத்தவனின் உளறலைக் கவிதையாக்கும் அளவுக்கு மனசும் மூளையும் உள்ள பெண். ஆனால் அந்தப் பெண் தன் பேரில் ஒரு கடிதம் எழுதுகிற காட்சி படத்தில் கிடையாது. எழுதியிருந்தால் யாருக்கு எழுதியிருப்பாள், என்ன கேட்டிருப்பாள் என்பதைப் படம் யோசிக்கவில்லை. ரோகிணியாக நடித்த ரோஷினி அதற்குப் பிறகு வேறு படத்தில் நடிக்கவும் இல்லை. கதாபாத்திரமும் போயிற்று, நடிகையும் போனார்.

2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற படம் வந்தது. 2006இல் கொச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்து, கூட வந்த நண்பன் இறங்கித் தூக்கிவந்த உண்மைச் சம்பவம். இயக்குநர் சிதம்பரம் அந்தப் பாட்டை நட்புக்குக் கொண்டுவந்து வைத்தார். தியேட்டரில் எனக்கும் கண் கலங்கியது. மனிதர் உணர்ந்துகொள்ள முடியாத அன்பு என்றால் இப்படித்தான் உயிரைக் கொடுத்து ஒருவனை மேலே கொண்டுவரும் என்று நம்பவைத்த படம். ஆனால் அதற்கப்புறம் குகைப் பக்கம் கூடுகிற கூட்டத்தில் அபிராமி, அபிராமி என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்துகிற விடலைகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. வேர்கள் பின்னிக் கிடக்கிற இடத்தில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். வனத்துறை போட்ட கம்பிவேலிக்கு வெளியே நின்று அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். அது அவன் அவளுக்கு வைத்த பெயர். அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை.

நான் பழனியில் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கவிதை நன்றாக எழுதுவாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் தினமும் நின்று, அவள் வரும்போது செல்போனில் அந்தப் பாட்டைச் சத்தமாக வைப்பான். கையைப் பிடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. பாட்டு மட்டும்தான். அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் பாட்டு. ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னாள்: “பாட்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே.” சில வாரத்தில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பையனை யாரும் கேட்கவில்லை. அவளைத்தான் ஒட்டன்சத்திரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவளுடைய கட்டுரை நோட்டு ரொம்ப நாள் என் மேஜையில் கிடந்தது. அவள் தப்பே செய்யாமல் இடம் மாறினாள்.

இது சினிமாவின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு வேறு கதை ஒன்றும் கிடைக்கவில்லை, அதைச் சொல்கிறேன். விரும்புகிறவன் நிற்பான், காத்திருப்பான், உருகுவான், விடமாட்டான். இந்த ஒரு கதைதான் அவனுக்குத் தெரியும். விரும்பப்படுகிறவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு முழுப் படம் அவனுக்கு நாம் காட்டவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கதை இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் ராத்திரி முழுக்க ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் 1922இல் காலமானார், நாடகம் இன்றும் மேடை ஏறுகிறது. சின்ன வயதில் அப்பத்தா மடியில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிற வள்ளிக்கும், வந்து நிற்கிற நாரதருக்கும் தர்க்கம் தொடங்கும். அதற்காகத்தான் ஊரே கண்விழித்து உட்கார்ந்திருக்கும். அவர் ஒன்று கேட்பார், அவள் அதை வெட்டி இன்னொன்று கேட்பாள். வள்ளி வேஷம் போட்ட அம்மாவுக்குச் சரக்கு இருந்தால் நேரம் போவதே தெரியாது. முன்வரிசையில் ஆண்கள் “விடாதே தாயி” என்று குரல் கொடுப்பார்கள். பிற்பாடு வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக முருகன் வருகிறான். அவள் ஒவ்வொரு முறையும் மறுக்கிறாள். கடைசியில் யானையைக் காட்டிப் பயமுறுத்தித்தான் காரியம் ஆகிறது. அந்த யானை எனக்கு இன்றுவரை பிடிக்காத கட்டம். ஆனால் அதற்கு முன்னால் அவள் பேசித் தீர்த்த பேச்சு இருக்கிறதே, அது ‘குணா’வின் ரோகிணிக்குக் கிடைக்காத பேச்சு. சோழவந்தான் டி.ஆர். மகாலிங்கம் முருகனாகப் பாடி நடித்த ‘ஸ்ரீ வள்ளி’ 1945இல் வந்து ஓட்டமாக ஓடியது. நம் சினிமாவுக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

2021இல் ஜப்பானில் மமோரு ஹொசோடா என்ற இயக்குநர் ‘பெல்’ என்று ஓர் அனிமேஷன் படம் எடுத்தார். நான் மேலே சொன்ன பிரெஞ்சுக் கதையைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார். காலம் மட்டும் இன்றைய காலம். கோச்சி மாவட்டத்துக் கிராமத்தில் சுஸு என்ற பள்ளிக்கூடப் பெண். வெள்ளத்தில் மாட்டிய யாரோ ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் அவள் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து அவளுக்குப் பாட வரவில்லை. கணினிக்குள் இருக்கும் ஒரு மாய உலகத்தில் வேறு முகத்தோடு, வேறு பெயரோடு பாடுகிறாள், கோடிக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள். அங்கே முதுகெல்லாம் காயத்தோடு ஒரு மிருகம் வருகிறது. எல்லோரும் அதை விரட்ட, இவள் மட்டும் அந்தக் காயம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறாள். அது ஒரு சிறுவன். அப்பனிடம் அடிவாங்குகிறவன், தம்பியைத் தன் உடம்பால் மறைத்துக் காப்பாற்றுகிறவன்.

குணாவும் அப்பன்மேல் உள்ள வெறுப்பையும் தன் முகத்தின்மேல் உள்ள வெறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறவன்தான். ஆண் காயப்பட்டதைக் காட்டுவதில் நம் படமும் ஜப்பான் படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விலகுவது பெண்ணிடத்தில். சுஸுவுக்கு அம்மாவை இழந்த காயம் இருக்கிறது, பயம் இருக்கிறது, தோழி இருக்கிறாள். அந்தச் சிறுவன் அவளை நம்ப மறுக்கும்போது, மாய முகத்தைக் கழற்றிவிட்டு, முகத்தில் புள்ளிகள் உள்ள சாதாரணப் பெண்ணாக, சொந்தக் குரலில் உலகத்தின் முன் பாடுகிறாள். பிறகு தன்னந்தனியாக ஊர்விட்டுப் பயணம் செய்து அந்தப் பையன்களின் வீட்டு வாசலுக்குப் போய், அடிக்க வந்த அப்பனுக்கு முன்னால் நிற்கிறாள். போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவள் அவள். கதையை நடத்துகிறவளும் அவள். யாரும் அவளை எங்கும் கொண்டுபோகவில்லை.

பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், அந்த அப்பாவைப் போலீஸ் புடிச்சாங்களா?” படம் அதைச் சொல்லவில்லை. அது அந்தப் படத்தின் குறை, அவள் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். அதே பிள்ளைகள் ‘குணா’ பார்த்துவிட்டு ரோகிணியின் அப்பா அம்மா யார், அவள் என்ன படித்தாள், அவளைத் தேடி ஒருத்தர்கூடவா அழவில்லை என்று கேட்டார்கள். அவளுடைய சொத்துக்காக அவளைத் தேடியவர்கள் இருந்தார்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

கொடைக்கானலுக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வருவது நிற்கப்போவதில்லை. 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030இல் பூக்கும். அந்த நீலத்தைத் திரையில் பிடிக்க இப்போதே யாராவது திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் கேட்பது இது. மலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவாருங்கள், ஆனால் அவள் வந்த காரணம் அவளுடையதாக இருக்கட்டும். பண்ணைக்காட்டில் காபிப் பழம் பறிக்கிறவளாக இருக்கலாம், பூம்பாறையில் பூண்டு விதைக்கிறவளாக இருக்கலாம், பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்தவளாகவும் இருக்கலாம். அவள் வேண்டாம் என்று சொல்கிற காட்சியை இடைவேளைக்கு முன்னால் வைத்து இடைவேளைக்குப் பின்னால் அழித்துவிடாதீர்கள். ‘குணா’வை மறுபடி எடுக்கிற துணிச்சல் யாருக்காவது இருந்தால், அவன் வெளியே போன ஒரு பகல்பொழுதில் தொடங்குங்கள். பாதை திறந்திருக்கிறது. காகிதமும் பேனாவும் அவள் கையில் இருக்கின்றன. அவள் எழுதுவதைக் கேட்க நான் முதல் நாள் முதல் காட்சிக்கே வருவேன், என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.