செவிலியரின் சொல் சட்டமாகட்டும்

ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம்? மருத்துவமனை நிர்வாகங்கள் இதை வசதி சார்ந்த கணக்காகப் பார்க்கின்றன. ஆனால், இது உயிர் சார்ந்த கணக்கு என்பது எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியரும் ஆய்வாளருமான லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு 2002-இல் தன் முடிவை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு முறையும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்றது அந்த ஆய்வு. இத்தனை ஆண்டுகள் கடந்தும் இந்தியாவில் செவிலியர் - நோயாளி விகிதம் வெறும் பரிந்துரையாகவே இருக்கிறது. இதற்கு அரசுகள் பொறுப்பேற்றாக வேண்டும்.

இந்த விகிதத்தை முதலில் சட்டமாக்கிக் காட்டியது கலிஃபோர்னியா. 1999-இல் சட்டம் நிறைவேறி, 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பிரிவில் ஒரு செவிலியருக்கு ஆறு நோயாளிகள், அடுத்த ஆண்டு முதல் ஐந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு என்று வரம்பு வகுக்கப்பட்டது. இது ஆட்சியாளர்கள் மனமிரங்கிக் கொடுத்த கொடை அன்று. முந்தைய முயற்சிகள் தோற்ற பிறகும் அந்த மாநிலச் செவிலியர் சங்கம் சோர்ந்துவிடாமல் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. 2004 இறுதியில் ஆளுநர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் மருத்துவமனைகளின் பக்கம் நின்று, ஐந்து நோயாளிகள் என்ற வரம்பைத் தள்ளிவைக்க முயன்றார். செவிலியர்கள் நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் போனார்கள். நீதிமன்றம் ஆளுநரின் ஆணையை ஏற்க மறுத்தது. 2005 நவம்பரில் அவர் முன்வைத்த நான்கு தீர்மானங்களையும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அதன் பிறகு அவர் அந்தச் சட்டத்தின் மீது கைவைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016-இல் இதே வகைச் சட்டம் வந்தது. 27 மருத்துவமனைகளில் அதன் விளைவு அளக்கப்பட்டு, 2021-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மரணங்கள் குறைந்தன, வீடு திரும்பியவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது குறைந்தது, படுக்கையில் கிடக்கும் நாள்களும் குறைந்தன. கூடுதல் செவிலியர்களை நியமிக்க ஆன செலவைப் போல இரு மடங்குக்கு மேல் மிச்சமானது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. செவிலியர் ஊதியத்தை வீண் செலவாகக் கருதும் நிதித் துறைகள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

வெற்றிகளோடு ஒரு தோல்வியையும் பார்ப்பது நேர்மை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2018-இல் இதே கோரிக்கை மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, ஏறத்தாழ 70 சதவீதத்தினரால் நிராகரிக்கப்பட்டது. மருத்துவமனைகள் பெரும் பணம் செலவிட்டு எதிர்ப்பிரசாரம் செய்தது ஒரு காரணம். செவிலியர்களே இரண்டாகப் பிரிந்து நின்றது அதைவிடப் பெரிய காரணம். ஒரு செவிலியர் அமைப்பு ஆதரிக்க, இன்னொன்று எதிர்த்தது. செவிலியர்களுக்கே ஒத்த கருத்து இல்லாதபோது நாம் எதை நம்பி வாக்களிப்பது என்று மக்கள் தயங்கியதில் வியப்பில்லை.

இந்த மூன்று மாநிலங்களின் அனுபவமும் செவிலியர் தலைவர்களுக்குச் சொல்வது தெளிவானது. கோரிக்கை தங்கள் பணிச்சுமையைப் பற்றியதாக மட்டும் இருந்தால், அதைத் தொழிற்சங்கப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்கள். அது நோயாளியின் உயிரைப் பற்றியதாக, எண்களோடு, ஆவணங்களோடு முன்வைக்கப்படும்போது நோயாளிகளின் குடும்பங்களும் மருத்துவர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் உடன் நிற்பார்கள். எத்தனை ஊசிகள் நேரம் தவறின, எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, இரவுப் பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நாள்தோறும் பதிவு செய்யும் செவிலியரின் குறிப்பேடு, எந்தப் பேரணியையும்விட வலுவான சாட்சி. பிளவுபட்ட சங்கங்கள் ஒரே குரலில் பேசக் கற்றுக்கொள்ளாதவரை அந்தச் சாட்சி அவையேறாது.

இங்கே நிலைமை என்ன? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த விகிதம். அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் ஓர் இரவு துணைக்கிருந்த எவரும் இந்த விகிதத்தை நம்ப மாட்டார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்வியையும் தொழில்தரத்தையும் ஒழுங்குபடுத்த அது வழி செய்கிறது. ஆனால், அந்தத் தரத்தோடு பணியாற்றப் போதுமான ஆள்பலம் வேண்டும் என்பதற்குச் சட்டத்தின் கட்டாயம் இன்னும் வரவில்லை.

செவிலியர்கள் முயன்ற இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதன்படி அமைந்த குழு, தனியார் மருத்துவமனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் ஒன்றுதிரண்டு போராடியதால் 2018-இல் அது அரசாணையானது. ஒற்றுமை இல்லாத மாநிலங்களில் அதே பரிந்துரை கோப்புகளில் உறங்குகிறது.

தமிழ்நாட்டின் நிலை நமக்குக் கூடுதல் வருத்தம் தருவது. பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெருமைப்படும் மாநிலம் இது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் நடத்திய போட்டித் தேர்வில் வென்ற ஆயிரக்கணக்கான செவிலியர்கள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இங்கேதான் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தபோது, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் அவர்கள் தரையில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. பின்னர் தொகுப்பூதியம் உயர்ந்தது. ஒரு பகுதியினர் நிரந்தரமும் ஆனார்கள். எனினும், காலமுறை ஊதியம் பெற வேண்டியவர்களைத் தொகுப்பூதியத்தில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை, ஆட்சிகள் மாறியபோதும் அரசு கைவிடவில்லை.

இதன் தீங்கு செவிலியரின் குடும்பத்தோடு நிற்பதில்லை. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், தன் பிரிவில் ஆள் போதவில்லை என்று எழுதித்தர அஞ்சுவார். மருந்துத் தட்டுப்பாட்டையோ, நேர்ந்துவிட்ட பிழையையோ மேலிடத்துக்குச் சொல்லத் தயங்குவார். நோயாளியின் அருகில் 24 மணி நேரமும் இருக்கும் ஒரே பணியாளர் பிரிவின் வாயை இப்படிக் கட்டிவைத்துவிட்டு, கண்காணிப்புக் குழுக்களையும் தரச் சான்றிதழ்களையும் நம்பி மருத்துவமனைகளை நடத்துகிறோம். செவிலியரின் பணிப் பாதுகாப்பு நோயாளியின் பாதுகாப்போடு பிணைந்தது என்பதை அரசு உணர மறுப்பது மன்னிக்கத்தக்கதல்ல.

நிதி இல்லை என்ற பதில் வரும். புதிய கட்டடங்களுக்கும் உயர்தரக் கருவிகளுக்கும் நிதி கிடைக்கிறது. திறப்புவிழாவும் கல்வெட்டும் காணும் செலவுகளுக்கு முந்திக்கொள்ளும் கருவூலம், இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியரை நியமிக்கும்போது மட்டும் வற்றிவிடுகிறது. இது நிதிப் பற்றாக்குறையின் பெயரால் மறைக்கப்படும் முன்னுரிமைத் தவறு. உடனே முழு விகிதத்தையும் எட்ட முடியாது என்பது உண்மையானால், தீவிர சிகிச்சை, பிரசவம், பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு விரிவாக்கும் கால அட்டவணையை அரசு வெளியிடட்டும். கலிஃபோர்னியாவும் படிப்படியாகத்தான் சென்றது.

செவிலியர் தலைமைக்கும் அதிகாரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கைக்குத் தகவல் தந்த 115 நாடுகளில் 82 நாடுகள், தேசிய அளவில் செவிலியர் தலைமைப் பதவியை வைத்திருப்பதாகக் கூறின. பதவி இருப்பது மட்டும் போதாது. பணியிடங்களும் நிதி ஒதுக்கீடும் முடிவாகும் கூட்டத்தில் அவருக்கு இருக்கையும் வாக்கும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் மருத்துவர்களும் ஆட்சிப் பணி அதிகாரிகளும் மட்டுமே செவிலியருக்காகப் பேசும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும்.

செவிலியர் - நோயாளி விகிதத்தைச் சட்டமாக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு பணிநேரத்துக்கும் உரிய செவிலியர் எண்ணிக்கையை அந்தந்தப் பிரிவின் வாயிலில் எழுதி வைக்க வேண்டும். நிரந்தரப் பணியிடங்களில் தொகுப்பூதிய நியமனம் அறவே நிறுத்தப்பட வேண்டும். செவிலியர் சங்கங்கள் தங்கள் பிளவுகளைக் கடந்து இந்த ஒரே கோரிக்கையில் ஒன்றுபட வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம், எங்கள் ஊர் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு குடிமகனும் கேட்க வேண்டும். போதுமான செவிலியர்கள் இல்லாததால் நேரும் ஒவ்வொரு மரணத்துக்கும், அதைத் தடுக்கும் வழியை அறிந்தும் சட்டமியற்றத் தவறிய அரசே பொறுப்பு.