பல்லைப் பார்க்க விடுங்கள்

இந்த வாரம் எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரே ஒரு வரி: "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது." ஜவுளிக்கடை பில்லின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த வாசகம் இது. இப்போது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பழைய மருந்தடிக்கிற மிஷினையும் மோட்டாரையும் செல்போனையும் டூவீலரையும் ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக்கிலும் வாட்ஸப் குழுக்களிலும் விற்கப் போடுகிறவர்கள் பலர் இதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் இரண்டு, ஒரு விலை, "நல்ல கண்டிஷன்" என்று இரண்டு சொல், அதன்கீழ் இந்த வரி. விற்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. வாங்கினவன் நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறான், உள்ளே இருந்த பாகத்தைக் கழற்றிக்கொண்டு திருப்பி அனுப்புகிறான், பணத்தைத் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்கிறான். இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வரி இதில் எதையும் தடுக்காது. சண்டை முளைக்கிற இடம் அந்த வரிக்கு மேலே, "நல்ல கண்டிஷன்" என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். கடைக்காரருக்கே இந்த வாசகம் முழுக் காப்பு இல்லை. பழுதான பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பொருளை விற்கிற தனியாள் வியாபாரி அல்ல. 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் அவரை விலக்கியே வைத்திருக்கின்றன. அதனால் தப்பித்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தனியாளுக்கும் உண்டு. அதன் 16-ஆவது பிரிவு, பொருளின் தரத்துக்குத் தனியாள் பொதுவாகப் பொறுப்பில்லை, வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு முந்தைய 15-ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. தெரிந்த பழுதை வேண்டுமென்றே மூடி மறைத்தால் அது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மோசடி. அப்படி நடந்த விற்பனையை வாங்கியவர் ரத்து செய்யலாம். எத்தனை "திரும்பப் பெறப்பட மாட்டாது" எழுதினாலும் அதைத் தடுக்க முடியாது. ஆக, விற்கிறவரின் தலை தப்புவது அவர் கொடுக்கிற விவரத்தால்தான்.

விவரம் என்றதும் மாட்டுத் தாவணிதான் நினைவுக்கு வருகிறது. மதுரைப் பக்கம் அந்தச் சொல் பஸ் ஸ்டாண்டாகிவிட்டது; கரிசல்காட்டில் தாவணி என்றால் மாட்டுச் சந்தைதான். அங்கே துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் படம் பிடித்துப் போடாத பத்திரிகை இல்லை. எல்லார் கண்ணும் அந்தத் துண்டிலேயே நின்றுவிடுகிறது. துண்டைப் போடுவதற்கு முன்னால் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. தரகர் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் கீழுதட்டை மடக்கி, பல்லை வெயிலுக்குக் காட்டுவார். பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், பல் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லிலேயே வயது முடிந்தது. பசு என்றால் தலையீத்தா, ரெண்டாம் ஈத்தா, நாலு காம்பிலும் பால் வருகிறதா, உதைக்குமா என்று கேள்வி வரும். உழவு மாடு என்றால் இடத்தையா வலத்தையா, ஏரில் படுக்குமா, முட்டுமா என்று வரும். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், வண்டியில் பூட்டிப் பார்ப்பார்கள், கறந்து பார்ப்பார்கள். இத்தனையும் நாலு பேர் சுற்றி நிற்க நடக்கும். விலை துண்டுக்குள்ளே, குறை வெயிலிலே. இன்றைய விளம்பரத்தில் விலை ஊருக்கே தெரிகிறது, குறைதான் துண்டுக்குள் போய்விட்டது.

இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று வாசகர்களுக்குத் தெரியும். இந்த முறையும் அங்கே போகாமல் முடியாது. 1982-இல் வந்த அந்த அகராதியை உருவாக்கியவர் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரில் மண்வெட்டி பிடித்த ஒரு சம்சாரி. அதைப் புரட்டுகிறவர்கள் கரிசல்காட்டுக்காரர்களின் சொல்வளத்தைப் பார்த்து மலைக்கிறார்கள், ரசிக்கிறார்கள், அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு வட்டாரத்தில் மயிலை, செவலை, காரி என்றும், விரிகொம்பு, கூடுகொம்பு, மோழை என்றும், ஒவ்வொரு சுழிக்கும் தனிப்பெயர் என்றும் சொற்கள் பெருகியது வெறும் ரசனையால் அல்ல. பத்து மைல் தள்ளி இருக்கிற ஒருவனுக்கு, பார்க்காத மாட்டை வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவை இருந்தது. சொன்ன சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் வம்பு வரும். அதனால்தான் ரெண்டு பல் என்றால் எல்லா ஊரிலும் ரெண்டு பல். தொழில் செய்கிற ஜனம், ஏமாறாமல் வாங்கவும் ஏச்சு வாங்காமல் விற்கவும், தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய சொற்கள் இவை. இவற்றோடு "கண்டிஷன்" என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. வாங்கியவனும் விற்றவனும் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்க அது ஒன்றே போதும்.

தாவணியில் ஏமாற்றே நடந்ததில்லையா என்று கேட்பார்கள். நடந்தது. கறக்காமல் மடியைப் பெருக்கி ஓட்டி வருவார்கள், தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவார்கள், கொம்பைச் சீவி வயதைக் குறைத்துக் காட்டுவார்கள், தரகரும் உடந்தையாக இருப்பார். ஆனால் ஒவ்வொரு ஏமாற்றுக்கும் ஒரு சோதனையும் கூடவே வளர்ந்தது. பெருத்த மடியா, கறந்து பார். சீவிய கொம்பா, பல்லைப் பார். தரகர் அடுத்த வாரமும் அதே சந்தையில் முகம் காட்டியாக வேண்டும். இணையத்தில் அந்த மூன்றாம் ஆள் இல்லை. 2018-இல் மூடப்பட்ட ஈபே இந்தியாவில் பைசாபே என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அது வாங்கியவரின் பணத்தை நடுவில் நிறுத்திவைத்து, பொருள் போய்ச் சேர்ந்தபின் விற்றவருக்குக் கொடுத்தது. இன்று யூபிஐயில் நேரடியாகப் போய்விட்ட பணத்தை, பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி சும்மா எடுத்துத் திருப்பிவிட முடியாது. விற்கிறவருக்கும் ஆபத்து உண்டு: வந்த பணம் யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும் முடங்குவது விற்றவரின் கணக்கும்தான். முகம் தெரியாதவர் மூன்றாம் நபர் கணக்கிலிருந்து பணம் அனுப்பினால் வாங்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

குறையைச் சொன்னால் விலை இறங்குமே என்பது கனமான கேள்வி. ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை வைத்து 1970-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. எது நல்லது எது சொத்தை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது, எல்லாவற்றுக்கும் அவன் நடுத்தர விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவர் இந்த விலைக்கு எதற்கு என்று விலகுவார், சொத்தைகள் மட்டும் மிஞ்சும், விலை இன்னும் இறங்கும். மௌனம் ஏற்கெனவே விலையை இறக்கிவிட்டது என்பதை விற்கிறவர்கள் கவனிப்பதில்லை. பழுதைச் சொன்னால் ஒருமுறை ஐந்நூறு குறையும். சொல்லாமல் விற்றுவிட்டுச் சண்டை வந்தால் பொருளும் போய், பார்சல் கூலியும் போய், நிம்மதியும் போகும். எனக்கே மிஷின் பற்றித் தெரியாதே என்பவருக்கும் வழி உண்டு. தெரியாததைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. எந்த வருஷம் வாங்கியது, எத்தனை பருவம் ஓடியது, எப்போது பிரித்துப் பார்த்தது, எந்தப் பாகம் மாற்றியது என்பது அவருக்குத் தெரியும். செல்போன் என்றால் 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதன் ஐஎம்இஐ எண்ணை வாங்குகிறவர் முன்பே சரிபார்த்துக் காட்டலாம். வாங்கினவன் பாகத்தை மாற்றிவிட்டுப் பொய் சொல்வான் என்று பயந்தால், வரிசை எண் தெரிய ஓடவிட்டு வீடியோ எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டோடு நேரில் கொடுக்கலாம். டூவீலர், டிராக்டர் என்றால் பெயர் மாற்றாமல் விடவே கூடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கரிசல் மண். மானாவாரி விதைப்புக்கும் மருந்தடிப்புக்கும் இங்கே கிடைப்பது சில நாட்கள்தான். பழைய ஸ்பிரேயரை நம்பி வாங்கிய சம்சாரிக்கு அது மூன்றாம் நாளில் நின்றுபோய், பணம் தைமாதம் முழுசாகத் திரும்பி வந்தாலும் என்ன பிரயோஜனம்? பூச்சி விழுந்த மக்காச்சோளத்துக்கு ரீஃபண்ட் கிடையாது. ஆகவே இந்தப் புரட்டாசியில் எதையாவது விற்கப் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: "திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருளின் பழுது எது என்று ஒரு வரி எழுதுங்கள்.